தூங்குற வூட்டுல ரெக்கார்டிங்

செவ்வந்தியோட மூஞ்சி நெய்வேலியில பாதிப் பேருக்குத் தெரியாது. குரல் தெரியாதவங்க கம்மி. காலையில தெரு முனையில குட்டியானை வண்டி வந்து நின்னு, "பண்ருட்டிப் பலா, சுளையைத் தின்னு பாரு, இனிக்கலைன்னா வண்டியைத் திருப்பி அனுப்பு"ன்னு ஒரு பொம்பளைக் குரல் மிரட்டும் பாருங்க, அது அவதான். உப்பு வண்டி, கோலமாவு வண்டி, கருவாட்டு வண்டி, பழைய இரும்பு எடுக்குற வண்டி, எல்லாத்துலயும் அவதான். ஒரு நாள் காய்கறி வண்டிக்காரன்கிட்ட வெண்டைக்கா முத்தல்னு சண்டை போட்டுகினு இருந்தா. வண்டி ஸ்பீக்கர்ல அவ குரலே "பிஞ்சு வெண்டைக்கா, பிஞ்சு வெண்டைக்கா"ன்னு அவளுக்கு எதிரா சாட்சி சொல்லிகினு இருந்துச்சு. வாயை மூடிகினு அதையே வாங்கியாந்தா.

இந்த வேலை அவளுக்கு வந்ததே ஒரு வாய்ச்சண்டையிலதான். காடாம்புலியூர் பலாப்பழ வியாபாரி தெய்வசிகாமணி, தானே பேசி ரெக்கார்ட் பண்ணி வண்டியில போட்டுகினு வருவாரு. செவ்வந்தி வாசல்ல நின்னு கேட்டுட்டு, "அண்ணே, இது பலாப்பழ வண்டியா, எழவு சேதி சொல்ற வண்டியா?"ன்னா.

"என் குரலே அப்படித்தான் தங்கச்சி."

"அப்போ வாயைத் தொறக்காத. ஃபோனைக் குடு."

நின்ன இடத்துலயே பேசிக் குடுத்தா. அன்னைக்கு மத்தியானத்துக்குள்ள வண்டி காலி. மறுநாள் அவரு ஒரு பழத்தோட வந்து நின்னாரு. அதுக்கப்புறம் பண்ருட்டி, மேல்பட்டாம்பாக்கம்னு எங்கெங்கயோ இருந்து வண்டிக்காரங்க பென் டிரைவைத் தூக்கிகினு அவ வூட்டுக்கு வர ஆரம்பிச்சாங்க.

வூடுன்னா சொந்த வூடு இல்ல. குவார்ட்டர்ஸ், அதுவும் மச்சாண்டார் பேர்ல இருக்குறது. அவரு மைன்ஸ்ல பெர்மனன்ட். வடலூர்ல வூடு கட்டிகினு போயிட்டதால தம்பியை இங்க இருக்க வச்சிருக்காரு. தம்பிதான் செவ்வந்தியோட வூட்டுக்காரர், பழனிவேல். மைன்ஸ்லதான் வேலை, ஆனா கான்ட்ராக்ட். நிலக்கரி போற பெல்ட்டுக்குக் கீழ கொட்டுறதை வாரிப் போட்டுகினு, பெல்ட் ஒரு பக்கமா ஒதுங்கி ஓடுதான்னு பாத்துகினு நிக்கணும். ஆள் பத்தலைன்னு சொல்லி அவரை நைட் ஷிப்ட்டுலயே போட்டு வச்சுட்டாங்க. ராத்திரி போவாரு, விடிஞ்சு வருவாரு, சாப்பிட்டுப் படுப்பாரு, சாயங்காலம் எழுந்திருப்பாரு.

நைட் ஷிப்ட்டுக்காரன் இருக்குற வூட்டுக்குன்னு நெய்வேலியில ஒரு முறை இருக்கு. வாசல்ல செருப்பு கிடந்து, ஜன்னல்ல போர்வை தொங்குச்சுன்னா யாரும் பெல் அடிக்க மாட்டாங்க. போஸ்ட்மேன் கூட கதவை விரலாலதான் தட்டுவாரு. பக்கத்து வூட்டு வீரம்மாள் ஊர்க்கதை பேச வந்தாலும் ஜாடையிலதான் கூப்பிடும்.

அந்த வூட்டுல உக்காந்துகினு "பலாப்பழே..."ன்னு கத்த முடியுமா? இருக்குறது ரெண்டு ரூம். ஒண்ணுல அடுப்பும் பாத்திரமும். இன்னொண்ணுல கட்டில், பீரோ, கம்ப்யூட்டர் மேசை. கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவுல ஒரு ஆள் ஒருக்களிச்சுப் போகலாம், அவ்வளவுதான். மேல ஃபேன். வெயில் காலத்துல ஃபேனை நிறுத்துனா மனுஷன் வெந்துடுவாரு.

அதனால செவ்வந்தி ஒரு வழி கண்டுபுடிச்சா. மைக்கை வாய்கிட்ட வச்சுகினு, ரகசியம் சொல்ற மாதிரி பேசுவா. ஆனா மூஞ்சியைப் பார்த்தா கத்துற மூஞ்சி. புருவம் ஏறும், கழுத்து நரம்பு புடைக்கும், கை வீசும், சத்தம் மட்டும் வராது. பாக்குறவங்களுக்குப் பேய் புடிச்சிருக்குன்னு தோணும். அப்புறம் கம்ப்யூட்டர்ல அந்தக் குரலை ஏத்தி, ஓங்கிக் கத்துன மாதிரி ஆக்கிடுவா. ஒரே ஒரு தொல்லை: குரலை ஏத்துனா ஃபேன் சத்தமும் கூடவே ஏறும். பலாப்பழம் புயல்ல அடிச்சுகினு போற மாதிரி இருக்கும்.

இந்த சத்தத்தைப் பிரிச்சு எடுக்கத்தான் அந்த பிளக்இன் வேணும்னு ஆச்சு. பிளக்இன்னா ஒண்ணும் மாயம் இல்ல. மிக்ஸி வாங்குறோம், சட்னிக்குன்னு தனியா சின்ன ஜார் வாங்குறோம் இல்ல, அந்த மாதிரி. ரெக்கார்டிங் பண்ற சாஃப்ட்வேர் மிக்ஸி, பிளக்இன் ஜாரு. சும்மா கிடைக்கிற ஜார் எல்லாம் போட்டுப் பாத்தா. ஃபேனோட சேர்த்துக் குரலையும் அரைச்சுத் தள்ளிச்சு. காசு குடுத்து வாங்குற கம்பெனி பிளக்இன் ஒண்ணு நல்லா எடுக்குதுன்னு யூடியூப்ல பாத்துட்டு மவகிட்ட சொன்னா. மவ இசைப்பிரியா, புதுச்சேரியில ஒரு ஆஸ்பத்திரியில நர்ஸ். தள்ளுபடி போட்ட அன்னைக்கு வாங்கி அம்மாவுக்கு அனுப்பிடுச்சு.

வாங்குனது ஆத்தாவும் மவளும். படிச்சுப் பாக்காததும் ஆத்தாவும் மவளும்தான்.

"ம்மா, இதுல விண்டோஸ், மேக் ரெண்டுக்கு மட்டும்னு போட்டிருக்கான்."

"நம்முளுது?"

"நம்முளுது லினக்ஸு."

"அதை வாங்குறதுக்கு முன்னாடி சொல்ல மாட்டியா?"

"நீதானே 'வாங்கு வாங்கு'ன்னு உசுரை எடுத்த!"

அந்த லேப்டாப் இசைப்பிரியா பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் சும்மா குடுத்தது. அதுல விண்டோஸும் இருந்துச்சு, லினக்ஸும் இருந்துச்சு. விண்டோஸைக் கொன்னது வண்டிக்காரங்கதான். ஒவ்வொருத்தன் பென் டிரைவும் பத்து கடை ஏறி இறங்கி வரும். குத்துனதும் வைரஸ் குதிக்கும், ஃபைல் எல்லாம் காணாமப் போகும். லினக்ஸ்ல அந்தச் சனியன் ஒட்டல. அதனால செவ்வந்தி லினக்ஸையே புடிச்சுகினா. பக்தி எல்லாம் ஒண்ணும் இல்ல. துடைக்கச் சுலபமா இருக்குற தரை மாதிரி அது, அவ்வளவுதான்.

விண்டோஸ் ஜாரை லினக்ஸ் மிக்ஸியில மாட்டுறதுக்கும் வழி இருக்குன்னு தேடிக் கண்டுபுடிச்சா. ஒயின்னு ஒரு புரோகிராம். லினக்ஸுக்குள்ள உக்காந்துகினு விண்டோஸ் மாதிரி வேஷம் கட்டும். அதுக்கும் ரெக்கார்டிங் சாஃப்ட்வேருக்கும் நடுவுல பாலம் மாதிரி இன்னொரு புரோகிராம். எல்லாத்தையும் சும்மாவே தர்றாங்க, ஆனா கறுப்பு ஸ்கிரீன்ல இங்கிலீஷ்ல தட்டணும். செவ்வந்தி பத்தாவது. அர்த்தம் புரியாட்டியும், ஒரு எழுத்து மாறாம கோலப்புள்ளி வைக்கிற மாதிரி பார்த்துப் பார்த்து தட்டுனா. தப்பா தட்டுனா அது திட்டும், பதிலுக்கு இவளும் திட்டுவா. பழனிவேல் எழுந்து டீ குடிச்சுகினே பாத்துட்டு, "நான் ஒருத்தன் குடிக்காம இருந்து என்ன, வூட்டுல கம்ப்யூட்டர் ஒயின் இல்லாம வேலை செய்ய மாட்டேங்குது"ன்னாரு.

ஒரு வழியா பிளக்இன் தொறந்துச்சு. அதுல 'கத்துக்கோ'ன்னு ஒரு பட்டன். அதை அமுக்கிட்டு நாம கம்முன்னு இருக்கணும். அது வூட்டுச் சத்தம் எப்படி இருக்குன்னு கேட்டு மனசுல வச்சுக்கும். அப்புறம் நாம பேசுனா, அந்தச் சத்தத்தை மட்டும் கழிச்சுட்டுக் குரலைக் குடுக்கும். செவ்வந்தி அமுக்குனா, மூச்சைப் புடிச்சுகினு உக்காந்தா, அது கத்துக்கினுச்சு. அதுக்கு 'வூடு'ன்னு பேர் வச்சு சேமிச்சா. பேசிப் பாத்தா, ஹெட்போன்ல ஃபேனையே காணோம். அவ குரல் மட்டும் துலக்கி வச்ச சொம்பு மாதிரி தனியா நின்னுச்சு. அன்னையில இருந்து எப்போ ரெக்கார்ட் பண்ணாலும் 'வூடு'ன்றதை ஏத்திகினுதான் பண்ணுவா.

இப்படியே பல மாசம் ஓடுச்சு. அவரு தூங்குவாரு, அவ கிசுகிசுன்னு கத்துவா, வண்டிங்க ஊர் பூரா அலறும்.

பங்குனி கடைசியில ஒரு காலையில பழனிவேல் வேலை முடிஞ்சு வந்து சாப்பிடாம உக்காந்திருந்தாரு. கேட்டதுக்கு ஒரு பேப்பரை எடுத்து நீட்டுனாரு. மெமோ. விடியக்காத்தால பெல்ட் ஓரமா உக்காந்தவரு கண்ணசந்துட்டாரு. சூப்பர்வைசர் ஃபோன்ல படம் புடிச்சுட்டாரு. இன்னொரு தடவை தூங்குனா கேட் பாஸைப் புடுங்கிடுவோம்னு கான்ட்ராக்டர் சொல்லிட்டாரு.

கேட் பாஸ் போனா மைன்ஸுக்குள்ள கால் வைக்க முடியாது. அவரு வயசு ஆளை வேற கான்ட்ராக்டர் சேர்த்துக்கவும் மாட்டான். அதை விடு, ஓடுற பெல்ட்டுகிட்ட தூங்கி விழுந்தா கேட் பாஸ் மட்டுமா போகும்? செவ்வந்தி அதை வாயால சொல்லல. அவருக்குத் தோசை சுட்டுப் போட்டு, படுக்கச் சொல்லி, போர்வையைக் கட்டிட்டு, வூட்டைச் சுத்தி ஒரு பார்வை பாத்தா.

அன்னையில இருந்து அந்த வூடு வூடா இல்ல. குக்கர் வைக்கிறதை நிறுத்திட்டு, சோத்தை வடிச்சா. மிக்ஸியைத் தொடல, சட்னி எல்லாம் வீரம்மாள் வூட்டுல போய் அரைச்சுகினு வந்தா. குழாய்க்கு அடியில துணி போட்டா. டிவியை மூட்டை கட்டாத குறை. கொலுசைக் கழட்டி வச்சா. தன்னோட கிசுகிசுக் குரலையும் இன்னும் பாதியா குறைச்சுகினா. ஈ பறந்தாலும் துண்டால துரத்துனா.

அதே வாரத்துல கம்ப்யூட்டர்ல அப்டேட் பண்ணச் சொல்லி ஒரு கட்டம் வந்துச்சு. பண்ணி வுட்டா. அடுத்த ரெக்கார்டிங்ல குரல் போச்சு.

போச்சுன்னா, வருது, ஆனா உள்ள ஒண்ணும் இல்ல. அடிக்குரல் எல்லாம் உதிர்ந்து போய், தகர டப்பாவுக்குள்ள தலையை வுட்டுகினு பேசுற மாதிரி. செவ்வந்தி, அப்டேட்தான் ஒயினைக் கெடுத்துருச்சுன்னு முடிவு கட்டிட்டா. இந்த மாதிரி நடக்கும்னு நெட்லயும் நாலு பேர் அழுதுகினுதான் இருந்தாங்க. ஒயினைப் பூராவும் அழிச்சா. மறுபடி போட்டா. பிளக்இன்னுக்கு லைசென்ஸை மறுபடி ஏத்துனா. 'வூடு'ன்றதை ஏத்துனா. அதே தகர டப்பா. இன்னொரு தடவை எல்லாத்தையும் அழிச்சா. போட்டா. தகர டப்பா.

அப்பத்தான் பிளக்இன் ஒரு எச்சரிக்கை காட்டுச்சு. அழிச்சு அழிச்சுப் போடும்போதெல்லாம் அது புதுக் கம்ப்யூட்டர்னு கணக்கு வச்சுகினு வருதாம். இன்னும் ஒரே ஒரு தடவைதான் லைசென்ஸ் ஏறுமாம். அதுக்கு மேல கம்பெனியைக் கேட்கணுமாம்.

கம்பெனிக்கு மெயில் போட உக்காந்தா. இசைப்பிரியா ஃபோன்ல தலையில அடிச்சுகினுச்சு. "ம்மா, விண்டோஸ்தான் வச்சிருக்கேன்னு போடு. லினக்ஸுன்னு சொன்னா எங்களுக்கு சம்பந்தம் இல்லைன்னுடுவான்."

"இல்லாததை இருக்குன்னு சொன்னா, அவன் சொல்ற வைத்தியமும் இல்லாததுக்குத்தானே வரும்? டாக்டர்கிட்ட கால் வலியைக் கை வலின்னு சொல்லுவியா? நர்ஸா இருக்குற உனக்கு நான் சொல்லணுமா?"

"சரி, என்னமோ பண்ணு. எதுக்கும் அந்தக் கடைசி லைசென்ஸைத் தொடாத."

இதுக்கு நடுவுல தெய்வசிகாமணி ஃபோன் பண்ணாரு. "தங்கச்சி, உடம்பு கிடம்பு சரியில்லையா? நீ அனுப்புனதைப் போட்டா, கெணத்துக்குள்ள விழுந்தவ கூப்பிடுறாப்ல இருக்கு."

"கம்ப்யூட்டர்ல கோளாறுண்ணே."

"சீசன் ஆரம்பிச்சுடுச்சு. நாளைக்குக் காலையில எல்லா வண்டியும் கிளம்புது. சாயங்காலத்துக்குள்ள குடுத்துடு. இல்லைன்னா பண்ருட்டியில ஒருத்தன் மெஷின் குரல்லயே போட்டுத் தர்றானாம்."

"மெஷினு பலாப்பழம் தின்னுதா?"

"தின்னல. ஆனா உடம்பு சரியில்லைன்னும் சொல்லல."

ஃபோனை வச்சுட்டு செவ்வந்தி லேப்டாப்பை இடுப்புல இடுக்கிகினு வீரம்மாள் வூட்டுக்குப் போனா. அங்க யாரும் தூங்கல, வாய்விட்டுக் கத்தலாம். கத்த ஆரம்பிச்சா. "பண்ருட்டிப் பலா..."ன்னு எடுத்ததும் வேப்பமரத்துல இருந்த மயில் பதில் கத்துச்சு. ஜன்னலைச் சாத்திட்டு மறுபடி எடுத்தா. "சுளையைத் தின்னு பாரு"ன்னு வந்ததும், "இந்த வருஷம் சுளை எல்லாம் சின்னதா இருக்குடி"ன்னுச்சு வீரம்மாள்.

"அக்கா, வாயை மூடு. பதிவாகுது."

"சரி சரி, நான் பேசல." கொஞ்ச நேரம். "ஆனா போன வருஷம் வாங்குனது கூட சக்கைதான்."

செவ்வந்தி லேப்டாப்பை மூடிகினு வூட்டுக்கு வந்துட்டா.

வூட்டுல பழனிவேல் சுவத்தைப் பாத்து ஒருக்களிச்சுப் படுத்திருந்தாரு. உச்சி வெயில் நேரம். செவ்வந்தி சத்தம் இல்லாம மேசைகிட்ட உக்காந்தா. கடைசி லைசென்ஸ் ஒண்ணு மிச்சம் இருக்கு. எல்லாத்தையும் அழிச்சுட்டு அதைப் போட்டா ஒருவேளை சரியாவும். ஆவலைன்னா பிளக்இன்னும் போச்சு, மவ வாங்கிக் குடுத்ததும் போச்சு. கை அழிக்கிற பட்டன்கிட்ட போயிட்டு நின்னுச்சு. குழம்புல உப்பு கரிச்சா குழம்பைக் கொட்டுறதுக்கு முன்னாடி, உப்பு எப்போ ஏறுச்சுன்னு யோசிக்கிறது இல்லையா? அந்த யோசனைதான்.

போன மாசி மாசம் ரெக்கார்ட் பண்ணது, பிளக்இன் போடாத பச்சைக் குரலு, அப்படியே சேமிச்சு வச்சிருந்தா. அதை எடுத்து, இப்போ கெட்டுப் போயிருக்குன்னு அவ நெனச்ச அதே பிளக்இன்ல வுட்டா.

கணீர்னு வந்துச்சு. தகரமும் இல்ல, டப்பாவும் இல்ல. பழைய செவ்வந்தி, துலக்குன சொம்பு மாதிரி.

மறுபடி வுட்டா. மறுபடியும் கணீர். நேத்து பண்ண குரலை வுட்டா. தகர டப்பா.

அப்போ ஒயின் கெடல. பாலம் கெடல. பிளக்இன் கெடல. கெட்டது உள்ள போற சரக்கு. மைக்கும் அதேதான், வாயும் அதேதான், ஃபேனும் அதேதான். செவ்வந்தி ரெண்டையும் ஸ்கிரீன்ல மேல ஒண்ணு கீழ ஒண்ணா வச்சுப் பாத்தா. குரல் பேசாத இடத்துல, நேத்து எடுத்தது தட்டையா கோடு மாதிரி கிடந்துச்சு. மாசி மாசத்து இடத்துல அப்படி இல்ல. சின்னதா ஒரு மேடு, அப்புறம் பள்ளம், மறுபடி ஒரு மேடு, பள்ளம். ஒரே சீரா, வயித்துல போர்வை ஏறி இறங்குற மாதிரி.

ஹெட்போனை மாட்டிகினு அந்த இடத்தை மட்டும் சத்தம் கூட்டிக் கேட்டா. கொர்ர்ர். கொர்ர்ர்.

குறட்டை. பிளக்இன்னுக்கு வூட்டுச் சத்தத்தைக் கத்துக் குடுத்த அன்னைக்கு அந்த மனுஷன் ரெண்டு ஷிப்ட் சேர்த்துப் பாத்துட்டு வந்து மரக்கட்டை மாதிரி தூங்கிகினு இருந்தாரு. பிளக்இன்னு ஃபேனையும் குறட்டையையும் சேர்த்துதான் 'வூடு'ன்னு மனசுல வச்சுகினு இருக்கு. இருபத்தஞ்சு வருஷமா கேட்டுக் கேட்டு இவ காதுக்கு அது சத்தமாவே படல. இப்போ குறட்டை இல்ல. ஆனா பிளக்இன்னுக்கு அது தெரியாது. கழிக்கிறதுக்குக் குறட்டை இல்லாததால, அந்தக் கனத்துல இருக்குற இவளோட அடிக்குரலைக் கழிச்சுகினு இருக்கு. அதுவும் இவ முனகுற மாதிரி பேசுனா, கழிச்சது போக என்ன மிஞ்சும்?

சரி, குறட்டை ஏன் இல்ல?

செவ்வந்தி ஹெட்போனைக் கழட்டுனா. திரும்பிக் கட்டிலைப் பாத்தா. முதுகு தெரிஞ்சுது. அசையாத முதுகு. தூங்குறவன் முதுகு அவ்வளவு ஒழுங்கா இருக்காது.

எழுந்து போய் கட்டில் ஓரமா உக்காந்தா. "ஏங்க."

தோளைப் புடிச்சு உலுக்குனா.

"நடிக்காதீங்க. கம்ப்யூட்டர் காட்டிக் குடுத்துருச்சு."

முதுகு கொஞ்சம் அசைஞ்சுது. "இன்னா காட்டிக் குடுத்துச்சு?"

"நீங்க தூங்கலைன்னு."

"ஏன், கேமரா வச்சிருக்கியா?"

"குறட்டையைக் காணோம்."

பழனிவேல் திரும்பிப் படுத்தாரு. கண்ணு ரெண்டும் பழுத்த மொளகா மாதிரி இருந்துச்சு. "நான் குறட்டை வுட மாட்டேன்."

அவ ஹெட்போனைக் கொண்டாந்து அவரு காதுல மாட்டி ஓட வுட்டா. அவரு கொஞ்ச நேரம் கேட்டாரு. "இது லாரி"ன்னாரு.

"லாரி நம்ம கட்டில்லயா படுத்துகினு இருந்துச்சு? எத்தினி நாளா தூங்கல?"

"மெமோ குடுத்ததுல இருந்து. அப்பப்போ கொஞ்சம் அசரும், அவ்வளவுதான்."

"அத்தினி நாளா கண்ணை மூடிகினு படுத்துக் கிடந்துட்டு, அப்படியே பெல்ட்டுகிட்ட போய் நின்னீங்களா? சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?"

"எப்படிச் சொல்றது? நீ கொலுசைக் கூடக் கழட்டிட்ட. பூனை மாதிரி நடக்குற. சோத்தை வடிச்சுகினு, குழாய்க்குத் துணி போட்டுகினு... அந்தக் கோலத்துல இருக்குறவகிட்ட போய், 'சத்தம் போடு, தூக்கம் வரல'ன்னா சொல்றது?"

"சத்தம் இல்லைன்னாத் தூக்கம் வராதா?"

"எழவு விழுந்த வூடு மாதிரி இருக்குடி. கப்சிப்னு கிடக்கு. அந்தக் கப்சிப்புக்குள்ள நீ ஒருத்தி மூலையில குசுகுசுன்னு பேசுற. பலாப்பழம்தான்னு தெரியுது. ஆனாலும் காது அங்கயே போய் நிக்குது, என்னமோ எம்மேல யார்கிட்டயோ பிராது குடுக்குற மாதிரி. கேட் பாஸ் ஞாபகம் வந்துடுது. அப்புறம் எங்க தூங்குறது?"

"பெல்ட்டுகிட்ட மட்டும் எப்படித் தூக்கம் வந்துச்சாம்?"

"அது ஒரே சீரா இரைஞ்சுகினு போவும். கேட்டுகினே இருந்தா கண்ணு சொருகும்."

"இன்னைக்கு லீவு போடுங்க."

"லீவு போட்டா அதுக்கும் கேட் பாஸ்தான்."

செவ்வந்தி வாயில வந்ததை எல்லாம் உள்ளயே மென்னா. அப்புறம் மென்னதைத் துப்ப ஆரம்பிச்சா. எழுந்து உள்ள போய் குக்கரை எடுத்து டொம்முனு அடுப்புல வச்சா, பருப்பைப் போட்டா. குழாய்த் துணியை வீசி எறிஞ்சுட்டுத் தண்ணியைத் திறந்து வுட்டா. பாத்திரத்தைத் துலக்கிகினே அங்க இருந்து கத்துனா:

"ஒரு பொம்பளை வாயைக் கட்டிகினு, வயித்தைக் கட்டிகினு, சட்னி அரைக்க ஊரான் வூட்டு வாசல்ல போய் நின்னா, இந்த மனுஷன் கண்ணை மூடிகினு சினிமா காட்டுறாரு! நான் இங்க ஒயினைத் தோண்டி, பாலத்தைத் தோண்டி, வெள்ளைக்காரனுக்கு மெயில் போட்டு... இருக்குற ஒரே லைசென்ஸையும் இந்த ஆளுக்காகத் தொலைச்சிருப்பேன்! குறட்டை வுட மாட்டாராம், லாரியாம் லாரி..."

குக்கர் விசில் அடிச்சுது. சுவத்துக்கு அந்தாண்ட இருந்து வீரம்மாள் குரல் குடுத்துச்சு. "என்னடி, நைட் ஷிப்ட் வூட்டுல விசில் அடிக்குது? அண்ணன் எழுந்துட்டாரா?"

"தூங்குனாத்தானே எழுந்திருக்கிறதுக்கு! நீ உன் டிவியைச் சத்தமா வையிக்கா!"

"சத்தமாவா?"

"சத்தமாத்தான்! சீரியல்ல அழுவாளுங்க இல்ல, நல்லா அழ வுடு!"

சொல்லிட்டு, அடுத்ததா என்ன திட்டலாம்னு ரூமுக்குள்ள வந்தா. பழனிவேல் மல்லாந்து கிடந்தாரு. வாய் லேசா தொறந்திருந்துச்சு. கொர்ர்ர்.

செவ்வந்தி இடுப்புல கையை வச்சுகினு பாத்தா. திட்டுறதை நிறுத்திடலாமான்னு ஒரு நொடி தோணுச்சு. நிறுத்துனா முழிச்சுக்குவாரோன்னு பயம். அதனால அந்தத் திட்டு போற வேகத்துலயே மைக் முன்னாடி போய் உக்காந்து, பட்டனைத் தட்டி, கட்டிலுக்கு அவ்வளவு பக்கத்துல, வாய்விட்டுக் கத்துனா.

"பண்ருட்டிப் பலா! பண்ருட்டிப் பலா! சுளையைத் தின்னு பாரு! இனிக்கலைன்னா வண்டியைத் திருப்பி அனுப்பு! என்னம்மா பாக்குற? வூட்டுல இருக்குற ஆளைத் தூக்கத்துல இருந்து எழுப்பாத! நீயே வந்து வாங்கு!"

கடைசி ரெண்டு வரி தெய்வசிகாமணி கேட்காதது. தானா வந்துச்சு. கட்டில்ல ஒரு சலனமும் இல்ல. ஸ்கிரீன்ல அவ குரலுக்கு நடுவுல நடுவுல அந்தச் சின்ன மேடு வந்துகினே இருந்துச்சு. 'வூடு'ன்றதை ஏத்தி ஓட வுட்டா. ஃபேன் போச்சு, குறட்டை போச்சு, வீரம்மாள் வூட்டுச் சீரியல் மட்டும் ஓரத்துல லேசா அழுதுகினு இருந்துச்சு. பலாப்பழ வண்டிக்கு அது போதும். தெய்வசிகாமணிக்கு அனுப்பி வச்சா.

பொழுது சாயுற வரைக்கும் பழனிவேல் எழுந்திருக்கல. எழுந்து, மூஞ்சி கழுவி, பருப்பும் சோறும் ரெண்டு தடவை வாங்கித் தின்னுட்டு, டிபன் பாக்ஸை எடுத்துகினு ஷிப்ட்டுக்குக் கிளம்புனாரு. வாசல்ல செருப்பு மாட்டும்போது, "அது லாரிதான்"ன்னு சொல்லிட்டுப் போனாரு.

காலையில அவரு வந்து வண்டியை நிறுத்துற சத்தம் கேட்டுதான் செவ்வந்திக்கு மூச்சு சீராச்சு.

"என்ன ஆச்சு?"

"சூப்பர்வைசர் ஃபோனைக் கையில புடிச்சுகினே வந்தாரு. நான் நின்னுகினு வாரிப் போட்டுகினு இருந்தேன். கொஞ்ச நேரம் பாத்தாரு. எடுக்க ஒண்ணும் இல்ல, போயிட்டாரு."

"நாளைக்கும் வருவாரு."

"வரட்டும். நீ குக்கரை வை."

அந்த வூட்டு முறை அதோட மாறிடுச்சு. செருப்பு வாசல்ல கிடக்கும், போர்வை ஜன்னல்ல தொங்கும், உள்ள விசில் அடிக்கும், மிக்ஸி ஓடும், செவ்வந்தி உப்புக்கும் கருவாட்டுக்கும் தொண்டை கிழியக் கத்துவா. போஸ்ட்மேன் விரலால தட்டித் தட்டிப் பாத்துட்டு, ஒருத்தருக்கும் கேட்காம, இப்போ பெல் அடிக்கிறாரு. "நைட் ஷிப்ட் வூடா இது, கல்யாண வூடா?"ன்னு வீரம்மாள் கேட்குது. தெய்வசிகாமணி அந்த ரெண்டு வரியை எடுக்க வேணாம், ஆளுங்க சிரிச்சுகினே வர்றாங்கன்னு சொல்லிட்டாரு.

அதுக்குள்ள கம்பெனிக்காரன் மெயிலும் வந்துருச்சு. லினக்ஸுக்கு நாங்க பொறுப்பு எடுத்துக்க முடியாது, இருந்தாலும் உங்க லைசென்ஸ் கணக்கை முதல்ல இருந்து ஆரம்பிச்சு வச்சிருக்கோம், பிரச்சினை தீர்ந்துச்சான்னு தெரியப்படுத்துங்கன்னு மரியாதையா எழுதியிருந்தான். இசைப்பிரியா, பதில் எல்லாம் போட வேணாம்னு சொன்னுச்சு. கேட்டவனுக்குச் சொல்றதுதானே முறைன்னு செவ்வந்தி உக்காந்து, ஃபோன்ல தமிழ்ல சொல்லி இங்கிலீஷா மாத்தி அனுப்புனா:

"உங்க சாமான்ல குறை ஒண்ணும் இல்ல. என் வூட்டுக்காரர் தூங்காம இருந்ததுதான் கோளாறு. இப்போ நல்லாத் தூங்குறாரு."